பூஜ்யம் வைத்த அறை

மாசிலாமணிக்கு வயது ஐம்பது. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். அவருடைய நெறியாளர் ஜெஸிந்தாவுக்கு முப்பத்தெட்டு. பல்கலைக்கழகத்துக்கு இதிலெல்லாம் கூச்சம் கிடையாது.

பாலிஷில் கலக்கும் தின்னரின் ஆவி காற்றில் கலந்தால் காட்டிக்கொடுக்கும் சென்சார் ஒன்றை மாசிலாமணி செய்திருந்தார். அதன் மேல் மெல்லிய பாலிமர் பூச்சு. பூச்சு ஆவியை உறிஞ்சினால் எண் ஏறும். ஒரு மரச்சாமான் பட்டறையின் பாலிஷ் அறையில் அதை மாட்டி ஒரு வருடம் ஆகியிருந்தது.

ஜெஸிந்தா அதைப் பார்க்க வந்தார். வாசலிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டார். உள்ளே பட்டறையில் வேலை செய்யும் அன்னக்கொடி நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாலிஷ் கலக்கிக்கொண்டிருந்தார்.

"தலைவலியாம்மா?"

"கொஞ்ச மாசமா விட மாட்டேங்குது. மிஷின்ல ஒண்ணும் காட்டலைன்னு சார் சொல்லிட்டார். வெயில்தான் போல."

"நெடி அடிக்கலையா?"

"வந்த புதுசுல அடிச்சுது. இப்ப தெரியல."

மாசிலாமணிக்குக் கவலை வேறு. "பூச்சு கெட்டுப்போச்சு மேடம். தினமும் காலைல எண் கொஞ்சம் ஏறி நிக்குது. நானும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து விட்டுடுறேன். இத்தனை வருஷ உழைப்பும் வீண். கெடாத பூச்சுன்னு ஒண்ணு இருக்கா?"

 பூஜ்யமாக்க இதுவரை செய்த திருத்தங்களையெல்லாம் ஜெஸிந்தா நீக்கச் சொன்னார். எண் நாற்பதில் போய் நின்றது. சென்சாரைக் கழற்றி மொட்டை மாடிக்கு எடுத்துப்போய்க் கைப்பிடிச் சுவரில் வைத்தார். அங்கே நல்ல காற்று.

எண் மெல்ல இறங்கியது. அறையில் மாட்டுவதற்கு முன் எங்கே நின்றதோ, அந்தப் பூஜ்யத்திலேயே வந்து நின்றது.

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "கெடலை மேடம். ஒரு வருஷம் தாங்கியிருக்கு."

"தாங்கியிருக்கு. தினமும் எந்தக் காத்துல வச்சு பூஜ்யம் ஆக்கினீங்க, சார்?"

"பாலிஷ் ரூம்லயேதான்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. 

"அப்ப அங்க ஆவி ஏறிக்கிட்டே இருந்திருக்கு. நான்தான் அழிச்சுக்கிட்டே வந்திருக்கேன்."

ஜெஸிந்தா சென்சாரைச் சுவரில் சற்று உள்ளே நகர்த்தி வைத்தார்.

"இப்ப நான் என்ன செய்யணும் மேடம்?"

"இது இங்கயே இருக்கட்டும். கீழே போய் அந்தம்மாவையும் மேலே இந்தக் காத்துக்குக் கூட்டிட்டு வாங்க."