வெள்ளைத் துணியும் வைக்கோல் செருப்பும்

மதியம் மூன்று மணிக்கு ஒரு சீனத்து ராஜா தொடரைத் தமிழில் பேசவைத்துப் போடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நானும் என் நாத்தனார் ஞானசெல்வியும் ஒரு வாரமாகச் சண்டை போடுகிறோம். எனக்குத் தூக்கம்கூடச் சரியாக இல்லை. நடந்ததை அப்படியே சொல்கிறேன். வழக்கை நீங்கள் தீர்த்துவையுங்கள்.

யுன் நாட்டு அரசன் ஷென்போ. மெங் நாட்டு அரசன் லூஜின். இரண்டு நாட்டுக்கும் நடுவில் மலைமேல் ஒரு கோட்டை. அது ஷென்போவுடையது. உள்ளே அவனும் எட்டாயிரம் குடிமக்களும் இருந்தார்கள். லூஜின் படையோடு வந்து சுற்றி வளைத்துவிட்டான். உள்ளே இருந்த தானியம் ஆறு நாளைக்குத்தான் காணும்.

அந்த நாடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அரசன் வீட்டில் சாவு விழுந்தால் கோட்டை வாசலில் வெள்ளைத் துணி ஏற்றுவார்கள். அன்றிலிருந்து நூறு நாள் எதிரி வாளெடுக்கக் கூடாது. பகை அரசனே ஆயுதமில்லாமல் உள்ளே வந்து, ஊதுபத்தி ஏற்றி, மூன்று முறை குனிந்து வணங்கிவிட்டுப் படையோடு திரும்பிப் போக வேண்டும். அதுவரை யாரும் அதை மீறியதில்லை.

ஷென்போவின் தாய் நோயோடு உள்ளறையில் படுக்கையில் கிடந்தாள். மகனைக் கூப்பிட்டு, "நான் இறந்துவிட்டதாகத் துணியை ஏற்று" என்றாள்.

"உயிரோடு இருக்கும் தாய்க்கா?"

"நான் எப்படியும் போகிறவள். எட்டாயிரம் பேர் எதற்காக என்னோடு வர வேண்டும்?"

சவப்பெட்டிக்குள் கல்லை நிரப்பி மூடினார்கள். துணி ஏறியது. லூஜின் தனியாக வந்தான். ஷென்போ சணல் உடுப்பும் வைக்கோல் செருப்பும் போட்டுத் தலைகுனிந்து நின்றான். பெற்றவர் இறந்தால் மட்டுமே அங்கே அரசன் வைக்கோல் செருப்புப் போடுவான். அவன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளறையின் புகைக்கூண்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. கஷாய வாசம் கூடம்வரை அடித்தது.

"செத்த வீட்ல அடுப்பு எரியுதே மதினி!" என்று, உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே போட்டாள் ஞானசெல்வி.

"சும்மா பாரு."

லூஜின் இரண்டு முறை வணங்கினான். நிமிர்ந்து அந்த உள்ளறைக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மூன்றாவது முறையும் வணங்கிவிட்டுப் படையோடு போய்விட்டான்.

கோட்டைக்குத் தானியம் வந்து சேர்ந்தது. தொண்ணூற்றேழாம் நாள் அந்தத் தாய் நிஜமாகவே இறந்துபோனாள். கல்லை எடுத்துவிட்டு அவளை அந்தப் பெட்டியில் வைத்தார்கள். முதல் நாள் அழாத மகன் அன்றைக்கு அழுதான். மூன்றே நாள்தான். நூறாம் நாள் முடிந்ததும் துணியை இறக்கிச் சிவப்புப் பட்டு உடுத்தியாக வேண்டும். ஒரே தாய்க்கு இரண்டு முறை துணி ஏற்ற முடியாதே.

நூற்றோராம் நாள் லூஜின் படையோடு திரும்பி வந்தான். கோட்டை வாசலில் இரண்டு அரசர்களும் பேசுவதற்காக நேருக்கு நேர் நின்றார்கள். ஷென்போ சிவப்புப் பட்டில் இருந்தான். காற்றில் அங்கி ஒதுங்கியபோது அடியில் வைக்கோல் செருப்பு தெரிந்தது. லூஜின் அண்ணாந்து உள்ளறைப் புகைக்கூண்டைப் பார்த்தான். புகை இல்லை.

ஒன்றும் பேசாமல் திரும்பிவந்து தளபதி ஹோரெனிடம், "இன்னும் நூறு நாள் சண்டை வேண்டாம்" என்றான். காரணம் சொல்லவில்லை.

"பனி வரப்போகிறது, அரசே. காத்திருப்பதென்றால் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடலாம். மூன்று நாள் நடைதான்."

"இறங்கினால் பயந்து ஓடியதாகப் பேசுவார்கள். இங்கேயே இருப்போம்."

பனி கொட்டியது. விறைத்துச் செத்தவர்கள் முந்நூறு பேர். ஹோரெனின் தம்பியும் அதில் ஒருவன். அதற்குமேல் தாங்காமல் லூஜின் சண்டை போடாமலே படையைத் திருப்பினான். கோட்டையில் நடந்ததைக் கேள்விப்பட்ட ஹோரென் வழியில் லூஜினின் குதிரையை மறித்தான்.

"அந்த அம்மாள் முதலில் சாகவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். இறந்தவளுக்கு யார் கஷாயம் காய்ச்சுவார்கள்?"

"தெரிந்துமா திரும்பினீர்கள்?"

"பொய் என்று நான் கத்தியிருந்தால், இனி எந்த வீட்டு வெள்ளைத் துணியையும் ஒருவரும் நம்பமாட்டார்கள்."

"இரண்டாவது நூறு நாள்?"

"அது, அழமுடியாமல் நின்ற ஒரு மகனுக்கு."

"என் தம்பி எதற்கு?"

வாளை லூஜின் முன்னால் போட்டுவிட்டு ஹோரென் நடந்து போனான்.

ஞானசெல்வி லூஜின் கட்சி. "தெரிஞ்சும் விட்டுக்கொடுத்தான் பாருங்க, அவன்தான் மதினி ராசா. மத்தவன் பெத்த தாயையே பொணமாக்கினவன்."

"அவ சொல்லித்தானடி செஞ்சான்?"

"சொன்னா? எங்கம்மாகூடத்தான் தெனமும் 'நான் செத்தாத்தான் உங்களுக்கு அருமை தெரியும்'னு சொல்றா. போஸ்டரா அடிச்சு ஒட்டினேன்?"

உள்ளேயிருந்து என் மாமியார், "ஒட்டுவடி, ஒட்டுவ" என்றார்.

ஊரைக் காப்பாற்றப் பொய் சொன்னவன் ஷென்போ. பொய்யென்று தெரிந்தும் வழக்கத்தைக் காப்பாற்றியவன் லூஜின். இந்த இரண்டு அரசர்களில் யார் செய்தது சரி?

விடை: நான் யோசித்தவரையில், முதல் நூறு நாளுக்கு லூஜின்தான் பெரியவன். அவன் வாயை மூடிக்கொண்டதால்தான் அந்தத் துணிக்கு மதிப்பு மிஞ்சியது. இரண்டாவது முறை காத்திருந்ததும் தப்பில்லை. காத்திருந்த இடம்தான் தப்பு. மூன்று நாள் நடந்திருந்தால் முந்நூறு பேரும் பிழைத்திருப்பார்கள். அவர்கள் செத்தது ஷென்போவின் தாய்க்காக இல்லை, ஓடினான் என்ற பேச்சு லூஜினுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக. ஷென்போ தன் பொய்க்கு விலையாகத் தன் அழுகையைக் கொடுத்தான். லூஜின் தன் கௌரவத்துக்கு விலையாக அடுத்த வீட்டுப் பிள்ளைகளைக் கொடுத்தான். அதனால் என் தீர்ப்பு ஷென்போ பக்கம். ஞானசெல்வி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் நேற்று, வெங்காயத்தை உரித்தபடியே ஒன்று கேட்டாள்: "அந்த முந்நூறு பேருக்கு யாராச்சும் வெள்ளைத் துணி ஏத்துனாங்களா மதினி?"

ஏற்றவில்லை.