வியாகப்பன் போட்ட சவுண்டு கார்டு

கோட்டைத்துறைக் கடற்கரையில் ஒரு சின்ன வானொலி நிலையம் இருந்தது. மீனவர்களுக்காக மீனவர்களே நடத்தியது. மாலை நேரங்களில், மறுநாள் அலை எவ்வளவு எழும்பும், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று ஜெமிலா வாசிப்பாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் துறையில் படகு இறக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

அங்கிருந்த கம்ப்யூட்டர் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸில் ஓடியது. அதை அமைத்தவர் ஷைனி. வயது முப்பதுகூட ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்க வந்த வியாகப்பனுக்கோ பேரன் பேத்தி எடுத்த வயது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் கட்டி, விரலெல்லாம் சால்டரிங் தழும்பு வாங்கிய மனிதர். ஷைனியை நாலு பேர் முன்னால் "டீச்சர்" என்று கூப்பிட அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

ஷைனி பக்கத்துத் துறையில் இன்னொரு நிலையம் தொடங்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அப்படியானால் இந்த நிலையத்தை யாரிடம் ஒப்படைப்பார்? என்னிடம்தான் என்று வியாகப்பன் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டார். ஷைனிதான் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, கம்ப்யூட்டரிலிருந்து ஒலியை அனுப்பும் பழைய சவுண்டு கார்டு கரகரக்க ஆரம்பித்தது. புதுக் கார்டு வாங்கினார்கள். கூட வந்த தாளில் விண்டோஸைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தது. லினக்ஸ் என்று ஒன்று இருப்பதாகவே அந்தக் கம்பெனிக்குத் தெரியாது போல. வேறு ஆளாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்.

வியாகப்பன் கம்ப்யூட்டரைத் திறந்து, கார்டை ஸ்லாட்டில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. கார்டு இருப்பது லினக்ஸுக்குத் தெரிந்தது, ஆனால் அதனோடு பேசத் தெரியவில்லை. நடுவில் நின்று பேச ஒரு டிரைவர் வேண்டும். எங்கோ ஒரு புண்ணியவான் எழுதி இணையத்தில் போட்டு வைத்திருந்த டிரைவரைத் தேடிப் பிடித்து, வந்த பிழைச் செய்திகளோடெல்லாம் மல்லுக்கட்டி, கடைசியில் அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும்படி கம்பைல் செய்தே விட்டார்.

ஜெமிலாவின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வந்தது. ஷைனி ஹெட்போனைக் கழற்ற மனமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா வந்திருக்குண்ணே."

வியாகப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

நிலையத்தைப் பூட்டும்போது கம்ப்யூட்டரையும் அணைத்துவிடுவது வழக்கம். மறுநாள் போட்டால் கார்டு ஊமையாகக் கிடக்கும். வியாகப்பன் வந்து கமாண்ட் அடித்து டிரைவரை ஏற்றுவார். ஒலி வரும். அதற்கப்புறமும் எழுந்து போக மாட்டார். ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நிகழ்ச்சி முடியும்வரை காவல் இருப்பார். மைக் செட்காரன் ஆம்ப்ளிஃபயரை விட்டு நகர்ந்தால், சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் அது மக்கர் பண்ணும் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை. பந்திக்குக் கூப்பிட்டால்கூட, இலையை அங்கேயே கொண்டுவரச் சொல்கிற ஆள் அவர்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"டீச்சர், நான் தேறிட்டேனா இல்லையா?"

"சனிக்கிழமை சாயங்காலம் டீ குடிக்கப் போலாமாண்ணே?"

ஞாயிற்றுக்கிழமை அந்தத் துறையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அதனால் சனிக்கிழமை மாலையில் கடல் செய்தி கிடையாது, நேயர் விருப்பப் பாட்டு மட்டும்தான். டீக்கடை ரேடியோவைச் சுற்றி நல்ல கூட்டம். நேரம் நெருங்க நெருங்க வியாகப்பன் பெஞ்சில் நெளிந்தார். ஜெமிலா இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்று ஷைனி அவரைப் பிடித்து உட்காரவைத்தார்.

நேரம் வந்தது. ரேடியோ வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. கடைக்காரர் அதன் மண்டையில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். பிறகு எல்லாருமாகத் திரும்பி வியாகப்பனைப் பார்த்தார்கள். இவர் இங்கே உட்கார்ந்திருந்தால் அது அங்கே எப்படிப் பேசும் என்று ஒருவர் சொல்லவும் செய்தார். வியாகப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா டீச்சர்? நான் இல்லன்னா அது வாயே திறக்காது."

ஷைனி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"அப்ப நீங்க கார்டை மெஷின்ல மாட்டலண்ணே. உங்க மேலதான் மாட்டியிருக்கீங்க."

சுருக்கென்றது. வியாகப்பன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். வழியெல்லாம் ஷைனி மேல் கோபம். நிலையத்தின் வாசலை மிதித்தபோது அந்தக் கோபம் தன் மேலேயே திரும்பியிருந்தது.

அப்புறம் ஒரு வாரம் அவரை வெளியே பார்க்க முடியவில்லை. டிரைவரை லினக்ஸில் அதற்குரிய இடத்தில் நிறுவினார். கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதே அது தானாக ஏறும்படி செய்தார். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் புதுப்பிக்கப்பட்டால் டிரைவரும் தானே புதிதாகக் கம்பைல் ஆகிக்கொள்ள வழி செய்தார். பிறகு அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார், போட்டார். ஒவ்வொரு தடவையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். டிரைவர் எழுதியவனுக்குக்கூட அவ்வளவு பாடு இருந்திருக்காது. எதையும் தொடாமல் நிற்பது அவருக்கு அத்தனை கஷ்டம்.

ஒரு மாலை அவரே வந்து ஷைனியைக் கூப்பிட்டார்.

"டீ குடிக்கப் போவோம் டீச்சர்."

"சனிக்கிழமை போலாமே?"

"வேண்டாம். இன்னைக்கே போவோம். நாளைக்குப் படகு போற நாளு."

ஷைனி அவரை நிமிர்ந்து பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

டீக்கடையில் வியாகப்பன் டீயைத் தொடவே இல்லை. கால் இரண்டும் நிலையத்தின் பக்கமே இழுத்தன. பாட்டு கெட்டால் போகட்டும், கடல் செய்தி கெட்டால் துறையில் முகத்தைக் காட்ட முடியாது.

நேரம் வந்தது. ஜெமிலாவின் குரல் கணீரென்று எழுந்தது. தெற்கிலிருந்து காற்று, மதியத்துக்கு மேல் அலை கூடும், காலையிலேயே போய்த் திரும்பிவிடுவது நல்லது என்றாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். ஒருவர் வலையைச் சரிபார்க்க வேண்டும் என்று எழுந்தார். இன்னொருவர் டீசல் ஊற்றக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் பெஞ்சு காலியாகிவிட்டது. ரேடியோவைப் பற்றியோ கார்டைப் பற்றியோ ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வியாகப்பனுக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது. அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலவும் இருந்தது.

"ஒருத்தனும் என்னத் திரும்பிக்கூடப் பாக்கல டீச்சர்."

ஷைனி பையிலிருந்து நிலையத்தின் சாவியை எடுத்து அவர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஆமாண்ணே. நானும் அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."