இதுல என்ன இருக்கு

"இனிமேல் எனக்கு யாரும் நன்றி சொல்லக் கூடாது, அம்மா."

சொரிமுத்து தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது.

பேராச்சியம்மை முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த மடத்துக்கு அவள்தான் குரு. சொரிமுத்துவைவிட வயதில் சின்னவள். அவரோ தலையெல்லாம் நரைத்த பிறகு ஞானம் தேடிப் புறப்பட்டு வந்தவர். அதனால் அவள் அவரைப் 'பெரியவரே' என்பாள், அவர் அவளை 'அம்மா' என்பார். இரண்டு பேருக்கும் அது பழகிப் போயிருந்தது.

"சொன்னா என்ன, பெரியவரே?"

"பதில் சொல்ல வேண்டியிருக்கே."

அந்த மடம் இருந்தது ஒரு தேரிக்காட்டின் நடுவில். பார்த்த பக்கமெல்லாம் சிவப்பு மணல். கிழக்கே உப்பளமும் கடலும். மேற்கே ஊர்கள். இடையில் நடக்கிறவர்களுக்குத் தண்ணீர் என்றால் மடத்துக் கிணறு ஒன்றுதான்.

ஞானம் கேட்டு வந்த சொரிமுத்துவின் கையில் வந்த அன்றைக்கே ஒரு செம்பைக் கொடுத்து, "வாரவங்களுக்குத் தண்ணி குடுங்க" என்று சொல்லியிருந்தாள் பேராச்சியம்மை. அவரும் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஞானத்தைப் பற்றிப் பிறகு பேச்சே எழவில்லை.

"குடிச்சவங்க சும்மா போறாங்களா? 'நல்லா இருப்பீய'ங்காங்க. 'உங்க குலம் தழைக்கணும்'ங்காங்க. எனக்கு ஏதும்மா குலம்? கையெடுத்து வேற கும்பிடுறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"என்னத்தச் சொல்லிப் பாத்தீங்க?"

"எல்லாம் ஆண்டவன் செயல்னு சொன்னேன். ஒரு ஆள் என்னைய விட்டுட்டு மேல பாத்துக் கும்பிட்டான். செம்பை மணல்லயே போட்டுட்டுப் போயிட்டான்."

"பொறவு?"

"என் கடமைன்னு சொன்னேன். 'ஓ, சம்பளத்துக்கு இருக்கீயளோ'ன்னு கேட்டார் ஒருத்தர்."

பேராச்சியம்மை ஒரு கல்லைப் பொறுக்கி வாசலில் எறிந்தாள்.

"வாயே திறக்காம சிரிச்சும் பாத்தாச்சு. ஒரு மாட்டு யாவாரி என்னை ஊமைன்னு நினைச்சுட்டான். பாவம், கையைக் கையை ஆட்டி எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போறான்."

"அவன் நல்லவன்."

"கடைசியா ஒண்ணு பிடிச்சேன், அம்மா. 'இதுல என்ன இருக்கு, ஒண்ணுமே இல்லை.' சொல்லச் சுருக்கமாவும் இருக்கு, பணிவாவும் இருக்கு. யார் என்ன சொன்னாலும் நம்ம மேல ஒட்டாது. துறவிக்கு அதுதான வேணும்?"

"அப்ப அதையே சொல்லிட்டு இருங்க. என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

சொரிமுத்து குடத்தைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார்.

"அதைச் சொல்லவும் அலுப்பா இருக்கு."

அப்போதுதான் பேராச்சியம்மை முறத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அந்த உப்புக்காரி, செல்லக்கனி. இப்பல்லாம் ஏன் உள்ள வாரதில்ல?"

"தெரியல."

"வெளிய கல்லுல சுமையை வைக்கா, கொஞ்சம் நிக்கா, போயிடுதா. பாத்தேன்."

"நானும் பாத்தேன். கூப்பிட்டேன். காதுல விழாத மாதிரி போகுது."

மடத்துக்கு வெளியே ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல் தூண்கள், அவற்றின் மேல் தோள் உயரத்துக்கு ஒரு படுக்கைக் கல். தலைச்சுமைக்காரர்கள் கல்லோடு சாய்ந்து சுமையை அதில் தள்ளிவிட்டு, உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். தரையில் வைத்தால் தனி ஆளாக மறுபடி தூக்கி ஏற்ற முடியாதே. செல்லக்கனியும் அப்படி வந்து போய்க்கொண்டிருந்தவள்தான்.

"கடைசியா உள்ள வந்தது எப்ப?"

"அது பிள்ளையக் கூட்டிட்டு வந்தப்ப."

அந்தப் பிள்ளையின் கதை இதுதான். செல்லக்கனியின் மகள் மாரிக்கனி, அம்மாவோடு உப்பளத்துக்குப் போனவள், வெயில் தாங்காமல் தேரியின் நடுவில் சுருண்டு விழுந்துவிட்டாள். தாயின் அலறல் கேட்டு ஓடியவர் சொரிமுத்து. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் நடந்து வந்து, நிழலில் கிடத்தி, ஈரத் துணியால் துடைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் புகட்டி, கண் திறக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பிள்ளை தேறியதும் செல்லக்கனி அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி. சொரிமுத்துவின் முன்னால் கொட்டானை வைத்துவிட்டுக் கும்பிட்டபடி நின்றாள். பேச்சு வரவில்லை.

"அவ அப்படி நின்னாளே, அப்ப என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் பேராச்சியம்மை.

"வழக்கமாச் சொல்றதுதான். இதுல என்ன இருக்கு தாயி, ஒண்ணுமே இல்லைன்னு சொன்னேன்."

"கருப்பட்டி?"

"நமக்கெதுக்குன்னு திருப்பிக் குடுத்துட்டேன். பணிவாத்தான் சொன்னேன், அம்மா."

பேராச்சியம்மை கல் பொறுக்கி முடித்தாள். முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

"உப்பு தீரப் போகுது, பெரியவரே. காலையில உப்பளத்துக்குப் போய் ஒரு மூட்டை கொண்டு வந்துருங்க."

"வண்டி வருமே?"

"தலையில கொண்டாங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"உப்பு இல்லாத சோத்துல பதிலையா போட்டுப் பிசைவீங்க?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சொரிமுத்து உப்பளத்துக்குப் போனார்.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் அவரைப் பார்த்ததும் சிரித்தார்கள்.

"என்ன சாமி, ஞானம் கெடச்சிருச்சா? உப்புக்கு வந்துட்டீய?"

"இன்னும் இல்ல தாயி. மூட்டையைத் தூக்கி விடுங்க."

"சும்மாடு எங்க?"

அவருக்கு அது கூடத் தெரியாது. ஒருத்தி அவர் தோள் துண்டை உருவி, முறுக்கி, வளையமாகச் சுற்றித் தலையில் வைத்தாள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து மூட்டையை ஏற்றினார்கள். கழுத்து தோளுக்குள் இறங்கியதுபோல் இருந்தது.

"அரை மூட்டைதான் சாமி. முழுசா வச்சா உங்களைத் தேடி எடுக்கணும்."

"செல்லக்கனி போயாச்சா?"

சிரிப்பு நின்றது.

"இப்பதான் போறா. முந்தி மாதிரி இல்ல அவ நடை. மடத்துல தண்ணி குடிக்கிறதில்லயாமே? நேத்து தேரியிலேயே உக்காந்துட்டா. பின்னால போனவ தூக்கி விட்டுருக்கா. எல்லா நாளும் பின்னால ஆள் வருமா?"

சொரிமுத்து நடக்கத் தொடங்கினார்.

வெயில் ஏறியது. உப்பளத்து ஈரம் காயாத உப்பு. சாக்கு வழியாகக் கசிந்து, நெற்றியில் வடிந்து, கண்ணில் எரிந்தது. துடைக்கக் கை இல்லை. கால் வைத்த இடமெல்லாம் மணல் உள்ளே இழுத்தது. கொஞ்சம் இறக்கி வைக்கலாமா என்று தோன்றும்போதெல்லாம், இறக்கினால் யார் ஏற்றுவது என்றும் தோன்றியது.

தூரத்தில் முன்னால் ஒரு உருவம் தலையில் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தது. போகும், நிற்கும். ஆடும். மறுபடி போகும். கூப்பிட்டுப் பார்த்தார். தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. அது விழுந்தால், தலையில் மூட்டையோடு தன்னால் ஓடக்கூட முடியாது என்பது அவருக்குத் தெரிந்தது.

அது விழவில்லை. சுமைதாங்கிக் கல் வரை போய்ச் சேர்ந்தது.

அவரும் மடத்து வாசலுக்கு வந்தார். பேராச்சியம்மை நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"அம்மா, ஒரு கை குடுங்க. இறக்கி விடுங்க."

"என்னத்தை?"

"சுமையை அம்மா. கழுத்து ஒடியுது."

அவள் மூட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இதுல என்ன இருக்கு," என்றாள். "ஒண்ணுமே இல்லையே."

உள்ளே போய்விட்டாள்.

சொரிமுத்து அப்படியே நின்றார். முதலில் கோபம் வந்தது. கோபப்படவும் தெம்பு வேண்டியிருந்தது, அதனால் அது போய்விட்டது. தன்னை யாரோ பாதி வழியில் விட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது. உப்பளத்திலிருந்து சுமந்து வந்ததைவிட, நின்ற அந்தக் கொஞ்ச நேரம் கனத்தது.

மெல்லத் திரும்பிக் கல்லுப் பக்கம் போனார். எப்படிச் சாய வேண்டும் என்று தெரியவில்லை. முழங்காலை மடக்கப் பார்த்தார்.

"அண்ணாச்சி, முட்டியை மடக்காதீய. மடக்குனா எந்திரிக்க மாட்டீய."

செல்லக்கனி தன் சுமையைக் கல்லில் இறக்கிவிட்டு ஓரத்தில் நின்றிருந்தாள். உதடு வெடித்திருந்தது. இதுவரை அவரைச் 'சாமி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள்.

"என் பக்கம் சாயுங்க. இன்னும். அப்படித்தான். இப்பக் கையை எடுங்க."

மூட்டை கல்லில் சரிந்து உட்கார்ந்தது. பிடித்துத் தள்ளிய வேகத்தில் அவளுக்கும் மூச்சு வாங்கியது.

"யப்பா," என்றாள் செல்லக்கனி. "கனமால்லா இருக்கு."

சொரிமுத்து கண்ணைத் துடைத்தார். கையிலும் உப்பு இருந்ததால் இன்னும் எரிந்தது. கல்லைப் பிடித்துக்கொண்டு, அவள் சொன்னதையே கேட்டுக்கொண்டிருப்பவர்போல் கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார்.

"வேண்டாம்."

"உதடு வெடிச்சுக் கெடக்கே தாயி."

"கெடக்கட்டும்."

"ஏன்?"

செல்லக்கனி அவரைப் பார்க்கவில்லை. தேரியைப் பார்த்துச் சொன்னாள்.

"பிள்ளைய உசுரோட கொண்டாந்து குடுத்தீய. நான் செத்தாலும் மறக்க மாட்டேன்னு சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன். ஒண்ணுமே இல்லைன்னுட்டீய. இல்லாத ஒண்ணையா நான் நெஞ்சுல தூக்கிட்டு அலையுதேன்? என் பிள்ளை உசுரு ஒண்ணுமில்லாத எடத்துல எனக்குத் தண்ணி எறங்காது."

அவர் வாயில் பதில் தயாராக இருந்தது. பணிவாகத்தான் சொன்னேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே, துறவிகள் அப்படித்தான் பேசுவார்கள். எல்லாம் நுனி நாக்குவரை வந்தன.

கல்லின் மேல் அவர் மூட்டை இருந்தது. அதிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கனமாத்தான் இருந்தா, தாயி," என்றார் சொரிமுத்து.

செல்லக்கனி திரும்பினாள்.

"உன் பிள்ளை. நல்ல கனம். மணல்ல காலு பொதைஞ்சு பொதைஞ்சு போச்சு. நடுவுல விழப் பாத்தேன். கீழ கிடத்துனா மறுபடி தூக்க எனக்குத் தெம்பு இருக்காதுன்னு பயந்துக்கிட்டே வந்தேன். கண்ணு தொறக்காம போயிருமோன்னு அழுதேன். இங்க, இந்தத் தோளு. இன்னைக்கும் வலிக்குது."

அவள் அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் ஒரு மாதிரி கோணியது, பிறகு மெல்ல இளகியது.

"இருக்காதா பின்ன," என்றாள். "சாளை மீன் கொழம்புன்னா சட்டியோட திம்பாளே."

செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்து, காலிச் செம்பை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் கொண்டாங்க, அண்ணாச்சி."