பெருசாகிட்டே போன கால்தடம்

ஒரு ஊர்ல ஒரு குட்டிப் பள்ளிக்கூடம் இருந்துச்சு, காட்டோரமா. ம் சொல்லணும், இல்லன்னா கதை நின்னுடும்.

ஒரு நாள் காலையில பள்ளிக்கூடத்துக் குழாயடிச் சேத்துல ஒரு கால்தடம். புலின்னுட்டாங்க. காட்டு அதிகாரி வந்து பாக்குற வரைக்கும் அது காஞ்சுடக் கூடாதுன்னு ஹெட்மாஸ்டர் இருதயசாமி அதுமேல கூடையைக் கவுத்து, தினமும் பூவாளியில தண்ணி தெளிச்சாரு. சொய்ங், சொய்ங். அதிகாரி வரல. தடம் மட்டும் பெருசாகிட்டே போச்சு. புலி வளருதுன்னு ஊரே பேசிக்கிச்சு. அப்புறம் பிள்ளைங்க ஒவ்வொருத்தரா பள்ளிக்கூடம் வராம நின்னுட்டாங்க. யாருமே வரலன்னா பள்ளிக்கூடத்தை மூடிருவாங்களே.

அப்போ பவளக்கொடி டீச்சர் பஸ் புடிச்சு, தேசியப் பூங்கா வாசல்ல இருக்குற புத்தகக் கடைக்குப் போனாங்க. கடையில கெம்பின்னு ஒரு அம்மா, குரங்கு விரட்டுற குச்சியோட. கால்தடம் பத்தின புத்தகம் இருக்கான்னு டீச்சர் கேட்டாங்க.

மொத புத்தகம் பளபளன்னு இருந்துச்சு. நெறைய புலி. ஆனா எல்லாப் புலியும் புல்லுக்குள்ள நின்னுச்சு, ஒண்ணோட காலும் தெரியல. ம்?

ரெண்டாவது புத்தகத்துல கால் நல்லா தெரிஞ்சுது. ஆனா எல்லா மிருகமும் ஷூ போட்டிருந்துச்சு.

வேற இல்லன்னு கெம்பி சொல்லிட்டாங்க. அப்போ சர்ருனு ஒரு குரங்கு வந்து டீச்சரோட பேனாவைப் புடுங்கி, கடிச்சுப் பாத்து, புடிக்காம மேசைக்கடியில போட்டுட்டுப் போச்சு. டீச்சர் குனிஞ்சாங்க. மேசைக் காலுக்கு அடியில ஒரு தடிப் புத்தகம், அட்டையில கால்தடம்.

"இது என்னம்மா?"

"அதுங்களா, மேசைக்கு ஒரு கால் குட்டைங்க டீச்சர்."

அப்புறம் கெம்பி அதை உருவிட்டு, ஷூ போட்ட புத்தகத்தை அங்க வெச்சாங்க. "இதுதான் தாங்கும்," அப்படின்னாங்க.

டீச்சர் பஸ்லயே படிச்சுட்டாங்க. ஊருக்கு வந்து, வீடு வீடாப் போய்ப் பிள்ளைங்களைக் கூப்பிட்டு வந்து, கூடையைத் தூக்கினாங்க. புலி நடக்குறப்ப நகத்தை உள்ள இழுத்துக்கும், இங்க நகம் குத்தியிருக்கு பாருங்கன்னாங்க. ஈரச் சேறு சரியச் சரியத் தடம் அகலமாகும்னும் புத்தகத்துல போட்டிருந்துச்சு.

பக்கத்துலயே, அன்னைக்குக் காலையில பதிஞ்ச, அதே மாதிரி நகம் குத்தின சின்னத் தடங்க வரிசையாப் போச்சு. டப், டப், டப். பிள்ளைங்க பின்னாடியே போனாங்க. அது நேரா ஹெட்மாஸ்டர் சைக்கிள்கிட்ட முடிஞ்சுது. சைக்கிளுக்கு அடியில அவரோட நாய் சிட்டு தூங்கிட்டு இருந்துச்சு, கால் நாலும் சேறு.

ஹெட்மாஸ்டர் கையில இருந்த பூவாளியைக் கொஞ்ச நேரம் பாத்தாரு.

"நாளையிலருந்து செடிக்கு ஊத்துறேன்," அப்படின்னாரு.

மறுநாள் எல்லாப் பிள்ளைங்களும் வந்துட்டாங்க. சிட்டும் வந்துச்சு.

ம் சத்தத்தையே காணோம். சரி, கதை காட்டுக்குள்ள போயிடுச்சு, நீ தூக்கத்துக்குள்ள போ.