எம்.காம். பழக்கடை

முசிறிப் பக்கம் முட்டாள்கள் அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லா ஊரிலும் இருக்கிற அளவுதான் அங்கேயும். என்ன ஒன்று, அந்த வருஷம் அவர்களில் நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்து எம்.காம். பாஸ் செய்துவிட்டார்கள்.

அறிவழகன், சுகந்தி, குணாளன், தனவேந்தன். நாலு பேருமே பாடப் புத்தகத்தை வரி விடாமல் மனப்பாடம் செய்கிற ரகம். அதிலும் சுகந்தி பல்கலைக்கழகத்தில் ரேங்க் வாங்கியவள். அவள் ஒன்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் யோசிப்பதை மற்ற மூன்று பேரும் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். பிரிவுபசார விழாவில் பேராசிரியர் கண் கலங்கி, "படிச்சதைப் பரீட்சையோட விட்டுடாதீங்கப்பா. எங்க போனாலும் ஒண்ணு விடாம கடைப்பிடிங்க" என்று சொல்லி அனுப்பினார். நல்ல மனிதர். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

அறிவழகனுக்கு வேலை கிடைக்கவில்லை. அவனுடைய பெரியப்பா சிங்காரம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாழைப்பழக் கடை வைத்திருந்தார். பிள்ளை குட்டி இல்லாதவர். கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷனுக்குத் திருச்சி போக வேண்டியிருந்தது. போகிற அன்று கடைச் சாவியை அறிவழகன் கையில் கொடுத்து ஒரே ஒரு காரியம்தான் சொன்னார்.

"வியாழக்கிழமை சத்திரத்துல ஒரு கல்யாணம். தாம்பூலப் பழம் நம்ம கடையிலதான் சொல்லியிருக்காங்க. ஒரு பழம்கூடச் சொத்தையா போகக் கூடாது. அதை ஒழுங்கா முடிச்சுக் கொடுத்துட்டா இந்தக் கடை உனக்குத்தான். இல்லேன்னா உங்க மாமன் செங்கல் சூளைக்குப் போய்க் கல்லு சுமந்துக்க."

சூளை என்றாலே அறிவழகனுக்கு ஆகாது. சின்ன வயதில் லீவுக்குப் போனவன், உள்ளங்கை கொப்பளித்து அழுதுகொண்டே திரும்பி வந்திருக்கிறான். பழக்கடையிலோ நிழல் உண்டு, ஃபேன் உண்டு, போவோர் வருவோரை வேடிக்கை பார்க்கலாம். அவனுக்கு அந்தக் கடை வேண்டும். ராத்திரி படுத்தால் போர்டில் தன் பெயர் எழுதியிருப்பதுபோலக் கனவு வந்தது. தனியாகச் சமாளிக்கப் பயந்து, மறுநாளே நண்பர்களைக் கூட்டி வந்துவிட்டான்.

முதல் வேலையாகச் சுகந்தி பொறுப்புகளைப் பிரித்தாள். பொருளைத் தொடுகிறவன் காசைத் தொடக் கூடாது, காசைத் தொடுகிறவன் கணக்கு எழுதக் கூடாது, இந்த மூவரையும் தணிக்கை செய்கிறவன் யாரோடும் சேரக் கூடாது. ஆகவே பழம் பிய்ப்பது அறிவழகன், காசு வாங்குவது தனவேந்தன், கணக்கு சுகந்தி, ஆடிட்டர் குணாளன். கடைக்குள் உட்கார்ந்தால் சுதந்திரம் போய்விடும் என்று குணாளன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய், பஸ் ஸ்டாண்டுச் சுவர் ஓரமாகப் போட்டுக்கொண்டான்.

திருச்சி பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கி ஓடி வந்து அவசரமாக ஒரே ஒரு பழம் கேட்டார். அறிவழகன் பிய்த்தான். தனவேந்தன் சில்லறை வாங்கினான். சுகந்தி ரசீது எழுதினாள். பழத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் எதிர்ப்பக்கம் போய் ஆடிட்டரிடம் ரசீதைக் காட்டிவிட்டு வரச் சொன்னார்கள். அவர் ரோட்டைத் தாண்டும்போதே பஸ் கிளம்பிவிட்டது. பஸ் பின்னாலேயே ஓடியவர் திரும்பிப் பார்த்து என்னமோ திட்டினார். வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மதியம் பழக்கமான கண்டக்டர் ஒருவர் வந்தார். வாசலில் மஞ்சளாகத் தொங்கிய ரஸ்தாளித் தாரைக் காட்டி ஒரு சீப்பு கேட்டார். அறிவழகன் கை நீட்டினான். சுகந்தி தொண்டையைச் செருமினாள்.

"அது எப்ப வந்த தாரு?"

"நேத்து."

"மூலையில தொங்குதே, அது?"

"போன வாரம். கறுத்துப் போச்சு சுகந்தி. ஈ மொய்க்குது."

"முதல்ல வந்த சரக்குதான் முதல்ல போகணும். அதை மறந்துட்டு என்னத்துக்கு நாம பரீட்சை எழுதினோம்?"

அறிவழகனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கறுத்த தாரிலிருந்து ஒரு சீப்பை எடுத்துப் பணிவாக நீட்டினான். கண்டக்டர் அதைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், விசில் ஊதாமலே பஸ்ஸில் ஏறிக்கொண்டார். கறுத்தது விற்கவில்லை. கறுத்தது விற்காததால் மஞ்சளை விற்க முடியவில்லை. காத்திருந்த மஞ்சள் தாரும் கறுத்தது. பழசு அழுகி உதிர்ந்ததும் அதன் முறை வந்தது. இப்படியாக அந்தக் கடையில் என்றைக்கும் அழுகல் மட்டுமே விற்பனைக்கு இருந்தது. முறை மட்டும் ஒரு நாளும் தவறவில்லை என்று நாலு பேருக்கும் உள்ளூரப் பெருமை.

செவ்வாய்க்கிழமை ஒரு வெள்ளாடு வந்தது. மூன்று பேரும் உள்ளே வாழைப்பழத்துக்குத் தேய்மானம் எந்த முறையில் போடுவது என்று மும்முரமாக விவாதித்துக்கொண்டிருந்த நேரம். ஆடு வாசலில் இருந்த புதுத் தாரை நிதானமாகத் தின்றது. எதிர்ப்பக்கத்தில் குணாளன் எழுந்து நின்றான். வேட்டியை இறுக்கிக்கொண்டு, ஆட்டைப் பார்த்துக் குரைத்தான். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது, ஆடு மட்டும் பார்க்கவில்லை.

தார் காலியான பிறகு அறிவழகன் மூச்சிரைக்க ஓடினான். "ஏண்டா, பார்த்துக்கிட்டேதான இருந்த? வந்து விரட்ட வேண்டியதுதானே?"

"ஆடிட்டர் காவல் நாய் மாதிரிடா, வேட்டை நாய் மாதிரி இல்ல. குரைக்கறதோட என் கடமை முடிஞ்சது. தணிக்கைப் பாடத்துல சார் எத்தனை தடவை சொன்னாரு."

அதுவும் சரிதான் என்று அறிவழகன் திரும்பி வந்தான். சுகந்தி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பழம் போனதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆடு கடைசியாக வந்த தாரை முதலில் தின்றுவிட்டதே, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

புதன்கிழமை கல்யாணப் பழம் வந்து இறங்கியது. மணக்க மணக்க நல்ல பூவன். இது தனி ஆர்டர், தனிக் கணக்கு, கடை வரிசையில் சேராது என்று சுகந்தி தீர்ப்புச் சொன்னதும் அறிவழகனுக்கு உயிர் வந்தது. இதை மட்டும் சத்திரத்தில் சேர்த்துவிட்டால் போதும், கடை அவனுடையது. அப்போதுதான் அவனுக்குப் பெரியப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு பழம்கூடச் சொத்தையாகப் போகக் கூடாது.

"சீப்புக்கு ஒரு பழம் சாம்பிள் பார்த்தாப் போதும்" என்றான் தனவேந்தன்.

"சாம்பிள்ல பிழை வரும்னு ஆராய்ச்சி முறைகள் பேப்பர்ல முழுசா ஒரு பாடமே இருக்கு" என்றாள் சுகந்தி. "பெரியப்பா ஒரு பழம்கூடன்னு சொல்லியிருக்காரு. எல்லாத்தையும் சோதிச்சுத்தான் ஆகணும்."

"தோலைப் பார்த்தாத் தெரியாதா?" என்று கேட்டான் அறிவழகன்.

"தோலைப் பார்த்தாத் தோலைப் பத்தித்தான் தெரியும்."

சோதனையும் தணிக்கைதான் என்று குணாளனும் நாற்காலியை விட்டு வந்தான். நாலு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பழமாகக் காம்புப் பக்கம் லேசாக உரித்து, ஒரு கடி கடித்து, மென்று பார்த்து, தோலை மறுபடி மூடி வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் அறிவழகனுக்கு வயிறு உப்பிச் சட்டைப் பொத்தான் தெறித்தது. கடைக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி பழத்தைக் கடித்தான். நடுவில் ஒரு தரம் மட்டும் அவனுக்குச் சந்தேகம் வந்தது.

"சுகந்தி, கடிச்ச பழத்தைத் தாம்பூலத்துல வைப்பாங்களா?"

"சோதிக்காத பழத்தைத்தான் வைக்கக் கூடாது."

சந்தேகம் தீர்ந்தது. பழத்தைப் பெட்டிகளில் அடுக்கி, அன்றைக்கே சத்திரத்தில் இறக்கிவிட்டு வந்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் பெரியப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினார். வெறும் வயிற்றோடு புறப்பட்டு வந்தவர், நேராகக் கடைக்கு வந்து ஒரு பழத்தைப் பிய்க்கப் போனார். தனவேந்தன் மரியாதையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பெரியப்பா, முதலாளி வேற, கடை வேற. கணக்கியல்ல முதல் நாளே சொல்லித் தந்தது இது."

"அப்ப நான் யாருடா?"

"கடையைப் பொறுத்தவரைக்கும் வெளி ஆளு" என்றாள் சுகந்தி. "வரிசையில வாங்கய்யா, தாராளமாக் கொடுக்கிறோம்."

பாவம், பசி மனிதரை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது. பெரியப்பா தன் கடையில் தானே காசு கொடுத்து, ரோட்டைத் தாண்டிப் போய்க் குணாளனிடம் ரசீதைக் காட்டி, திரும்பி வந்து, முறைப்படி ஒரு கறுத்த பழத்தை வாங்கிக்கொண்டார். அதை என்ன செய்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கல்யாணப் பெண்ணின் சித்தப்பா ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். வாயைத் திறக்கவில்லை. பெட்டியைத்தான் திறந்தார்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். ஆபரேஷன் பலிக்கவில்லையோ என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு பழத்தை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒரு கடி.

"எலியாடா?" என்று கேட்டார்.

"இல்ல பெரியப்பா, நாங்க" என்றான் அறிவழகன். அவன் முகம் மலர்ந்திருந்தது. "ஒண்ணுகூடச் சொத்தை இல்ல."

பெரியப்பா அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று அறிவழகன் பிற்பாடு நினைத்துக்கொண்டான். பக்கத்துக் கடைப் பழத்தை வாங்கிக் கொடுத்து, பெண் வீட்டார் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். பிறகு வந்து சாவிக்குக் கை நீட்டினார். மாமன் ஊர் பஸ் எப்போது வரும் என்று மட்டும் கேட்டார். அறிவழகன் போர்டைக் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிட்டு பஸ் ஏறினான். கூட்டாளிகள் என்றால் நஷ்டத்திலும் பங்கு உண்டு என்று மற்ற மூன்று பேரும் அவனோடு ஏறிக்கொண்டார்கள்.

செங்கல் சூளையில் வீராசாமி மாமா அவர்களை நல்லபடியாகத்தான் வரவேற்றார். தென்னை உயரத்துக்கு அடுக்கியிருந்த செங்கலைக் காட்டி, "இதை எடுத்து லாரியில ஏத்திக்கிட்டிருங்க, ஒரு வாய் சாப்பிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

இந்த வேலையையாவது ஒழுங்காகச் செய்து பேர் வாங்க வேண்டும் என்று அறிவழகன் மனதுக்குள் சபதம் எடுத்தான். ஏணியைச் சாத்தி, ஏறி, உச்சிக் கல்லில் கை வைத்தான்.

கீழே சுகந்தி தொண்டையைச் செருமினாள்.

"அது எப்ப வந்த கல்லு?"

அறிவழகன் யோசித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். நல்ல வேளை, இன்னொரு தரம் மானம் போகப் பார்த்தது. மளமளவென்று இறங்கிக் குத்துக்காலிட்டு, அடி வரிசையில் நட்ட நடுவில் இருந்த கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் இடுப்பைத் தனவேந்தன் பிடித்தான். தனவேந்தன் சட்டையைச் சுகந்தி பிடித்தாள். குணாளன் ஒரு நாற்காலியைத் தேடி எடுத்துக்கொண்டு வரப்பைத் தாண்டிப் போய் உட்கார்ந்தான். மற்ற மூன்று பேரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். உச்சி வரிசை லேசாக ஆடியது.

உள்ளே ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்த மாமா தலையைத் தூக்கினார்.

"நம்ம பக்கம் நாயே கிடையாதே" என்றார் அத்தையிடம். "யாரு இப்படிக் குரைக்கிறது?"