மடவை மீன் ஏன் துள்ளுது?

அந்தக் காலத்துல, மீனும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கிட்ட காலத்துல, பட்டணத்துக்கு வடக்க ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரத்துல எல்லாருக்கும் பாடு உண்டு. பாடுன்னா முறை. ஒருத்தர் பாடு நடக்கும்போது இன்னொருத்தர் குறுக்கே போகக்கூடாது. றெக்கையோ கொடுக்கோ, விரிச்சதைச் சுருட்டினாத்தான் பாடு முடியும்.

நண்டுதான் விரிச்சபடியே தூங்கிடும். ஒருதரம் கொக்கோட காலைப் பிடிச்சிக்கிட்டே தூங்கிடுச்சு. கொக்கு பொண்டாட்டி லேசுப்பட்டவளா? அவ வாய் இருக்கே... அது கெடக்கட்டும்.

ஒருநாள் துறைமுகம் வந்துச்சு. மேலெல்லாம் கரித்தூள். கூழைக்கடாதான் அப்ப ஊர் நாட்டாமை. அதுகிட்டக் குழைஞ்சுது.

"ஒரே ஒரு பாடு குடுங்கண்ணே. எனக்குச் சொந்தபந்தம் ஜாஸ்தி. கடல் தாண்டிக் கரி வரும், வடக்கேருந்து இரும்பு வரும், கரியை எரிச்சுத் தெக்கப் பட்டணத்துக்கு வெளிச்சம் அனுப்பணும்."

வெளியூர் விருந்தாளிக்கு முதல் பாடு குடுக்குறது அந்த ஊர் வழக்கம். ஆனா அன்னைக்கு மடவையோட பாடு. வயிறு நிறைய சினை. கடலுக்குப் போய்த்தான் முட்டை போடணும்.

"விருந்தாளிதானே, விட்டுக்குடு தாயி"ன்னுச்சு கூழைக்கடா. மடவையும் விட்டுக்குடுத்தா. அங்கதான் போச்சு!

துறைமுகம் கல்லைக் கொட்டுச்சு, இரும்புத் தூணை நட்டுச்சு. ஆத்து வாயே அடைஞ்சுபோச்சு.

மறுநாள் மடவை துறைமுகத்துக்கிட்ட வந்தா. "அண்ணே, சுருட்டுங்க. வயிறு வலிக்குது."

"சுருட்டறதா? நான் இன்னும் விரிச்சே முடிக்கலியே! ஆத்துலயே போட்டுக்க."

"சாம்பலைக் கொட்டி வெச்சிருக்கே, அந்தத் தண்ணியில குஞ்சு பொழைக்குமா?"

"என்னை ஏன் கேக்குற? வழக்கம் உங்களுது."

மடவை கூழைக்கடா பக்கம் திரும்பினா. "நாட்டாமை, நீங்க கேளுங்க!"

"அவரு சுருட்டலியே தாயி..."

"தூ! அவன் உங்க வழக்கத்தையே தின்னுட்டு ஏப்பம் விடுறான், நீங்க அவனுக்கு வக்காலத்தா? விருந்துக்கு வந்தவன் வாசலை அடைச்சா அவன் விருந்தாளியா, திருடனா?"

மடவை பின்னால போயி, ஒரே மூச்சுல வந்து எம்பினா. கல்லு வயித்தைக் கிழிச்சுது. பாதி சினை கல்லு மேலயே காய்ஞ்சுபோச்சு. மீதியைக் கடல்ல போட்டுட்டுத்தான் கண்ணை மூடுனா.

அந்தக் குஞ்சுங்க வளந்து, அம்மா மாதிரியே கல்லைத் தாண்டி எம்பி ஆத்துக்குத் திரும்புச்சு. அன்னையிலேருந்துதான் மடவை தண்ணிக்கு மேல துள்ளுது. பாக்குறவங்க விளையாட்டுங்கறாங்க. விளையாட்டாம்! "இன்னுமாடா உன் பாடு முடியல?"ன்னு ஒவ்வொண்ணும் எட்டிப் பாத்துட்டு விழுது.