நாற்பது கார்களுக்கு இடம்

அன்று காலை தணிகாசலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் மாநகரின் நகரமைப்பு அதிகாரி. வயது ஐம்பத்தேழு. முப்பது வருஷ சர்வீஸில் யாரிடமும் ஒரு டீகூட ஓசியில் குடித்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷர், பள்ளிப் பிள்ளை மார்க் ஷீட்டைக் காட்ட ஓடிவருவதுபோல, கையில் ஒரு ஃபைலோடு மடத்துக்குள் நுழைந்தார்.

அவருடைய குரு அம்பலவாண சாமி தியான மண்டப வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். சாமிக்குச் சீடரைவிடப் பதினெட்டு வயது குறைவு.

"சாமி, இனிக் கவலையே இல்லை. கார் நிறுத்தம் நம்ம பக்கம் வராது."

கடைத்தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. மடத்து மதிலை ஒட்டிய காலி மனையில் நாற்பது கார்களுக்குப் பொது நிறுத்தம் வரப்போவதாக ஒரு மாதமாகவே பேச்சு. வந்தால் நாளெல்லாம் ஹாரனும் புகையும்தான். தணிகாசலத்துக்கு அந்த மண்டபம் உயிர். மனைவி போன பிறகு அவரைத் தூக்கி நிறுத்தியது அங்கே கண்மூடி உட்கார்ந்த காலை நேரங்கள்தான்.

"எப்படி வராமப் போச்சு?"

"பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில், இதுக்கெல்லாம் ஐம்பது மீட்டருக்குள்ள நிறுத்தம் வரக் கூடாதுன்னு விதி எழுதறோம். அந்தப் பட்டியல்ல தியான மண்டபத்தையும் சேர்த்துட்டேன். நாளைக்குக் கையெழுத்து."

"ஏன் வரக் கூடாது?"

"அமைதி வேணும்கிற இடமாச்சே, சாமி."

"அப்ப அந்த நாற்பது காரும்?"

"பின்தெருவுக்குப் போயிடும். அங்கயும் ஒரு காலி மனை இருக்கு."

"பார்த்தீங்களா?"

"வரைபடத்துல பார்த்தேன்."

சாமி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "வாங்க, நேர்லயும் பார்த்துடுவோம். ஃபைலையும் எடுத்துக்குங்க."

பின்தெருவில் ஒன்பதரை மணி வெயில். காலி மனையில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். எதிரே ஒட்டினாற்போல ஆறு ஓட்டு வீடுகள்.

"உங்க விதியை இங்க ஒருதரம் படிங்க, ஐயா. கேக்கிறேன்."

தணிகாசலம் ஃபைலைப் பிரித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொது வாகன நிறுத்தங்கள் அமைப்பதற்கான..." என்று ஆபீஸ் குரலில் ஆரம்பித்தார்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பெண் வெளியே வந்து கும்பிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க ஐயா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில நைட் ட்யூட்டி. இப்பத்தான் கண்ணசந்தாரு. சாயங்காலம் மறுபடி போகணும்."

கதவிடுக்கில் தெரிந்தது. பாயில் ஒருவர் சீருடை பேன்ட்டோடு, வெளிச்சம் படாமலிருக்க முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். தணிகாசலம் ஃபைலை மூடினார். வெட்கமாக இருந்தது. முப்பது வருஷமாக வாங்காத லஞ்சத்தை ஒரே வாயில் விழுங்கிவிட்டதுபோல இருந்தது.

இருவரும் தெருமுனைவரை ஓசைப்படாமல் நடந்தார்கள்.

"நான் சேர்த்ததை எடுத்துடறேன், சாமி," என்றார் தணிகாசலம். "ஆனா எடுத்தா நிறுத்தம் நம்ம மதிலுக்கே வந்துடும்."

"வரட்டும்."

"மண்டபத்துக்கு நேரா வண்டி திரும்பும். ஹாரன் ஓயாது. அங்க உட்கார முடியலைன்னா நான் எங்க சாமி போவேன்?"

சாமி அவர் தோளில் கை வைத்தார்.

"அந்த வீட்டுல படுத்திருக்கிறவர் தூங்கியே ஆகணும். நம்ம மண்டபத்துல உட்கார்றவங்க தூங்கவே கூடாது. ஹாரன் சத்தம் எந்தப் பக்கம் கேட்டா நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க, ஐயா."